புது ரவுட்டர் வைத்ததிலிருந்து பழைய லேப்டாப்பில் எங்கள் வைஃபை பெயரே வரவில்லை

#1 வெண்பனி

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் லேப்டாப் பற்றிய கேள்வி இது. விண்டோஸ் 7 ஓடுகிறது. பழையதுதான், ஆனால் கீபோர்டு, திரை எல்லாம் இன்னும் நன்றாக இருக்கின்றன. அவருடைய மொழிபெயர்ப்பு வேலை முழுக்க அதில்தான் நடக்கிறது. அவர் பழகிய தட்டச்சு மென்பொருள் புது விண்டோஸில் சரியாக ஓடவில்லை, அதனால் கணினியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

சமீபத்தில் இணைய இணைப்பு தருபவர்கள் பழைய ரவுட்டரை எடுத்துக்கொண்டு புதியது ஒன்றை வைத்தார்கள். வீட்டிலுள்ள எல்லாம் தானாகவே இணைந்துகொள்ளட்டும் என்று பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே போட்டேன். போன்கள், டிவி எல்லாம் இணைந்துவிட்டன. லேப்டாப்பின் பட்டியலில் மட்டும் எங்கள் பெயர் வரவே இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் வரிசையாக வருகின்றன! ரவுட்டருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தாலும் அதே கதைதான். இரண்டையும் அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. டிவைஸ் மேனேஜரில் கார்டை நீக்கி மறுபடி வரவழைத்தும் பார்த்தாயிற்று.

ரவுட்டர் வைக்க வந்தவர், "கம்ப்யூட்டர் பழசும்மா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு வழியே இல்லையா?

#2 தாழ்வாரம்

தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் கார்டோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். யூஎஸ்பி வைஃபை டாங்கிள் (வெளியில் செருகும் குட்டி வைஃபை கார்டு) ஒன்று வாங்கிச் செருகுங்கள், டிரைவர் போடுங்கள், வேலை முடிந்தது. இவ்வளவு பழைய கார்டு இன்றில்லாவிட்டால் நாளை போகத்தான் போகிறது.

#3 சாவிக்கொத்து

அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் முன்பக்க விளிம்பிலோ பக்கவாட்டிலோ வைஃபைக்கென்று சின்ன ஸ்விட்ச் இருக்கும். பையில் வைக்கும்போது தானாகத் தள்ளிவிடும். சிலவற்றில் எஃப்என் கீயோடு ஆண்டெனா படம் போட்ட கீயை அழுத்த வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

#4 அலைவரிசை

வெண்பனி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெயர்கள் வருகின்றன என்றால் கார்டுக்கு உயிர் இருக்கிறது, ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது, டிரைவர் வேலை செய்கிறது, ஆண்டெனாவும் பிடிக்கிறது. சாவிக்கொத்து சொல்லும் ஸ்விட்ச் அணைந்திருந்தால் ஒரு பெயர்கூட வந்திருக்காது. ஆக, லேப்டாப்பில் எதுவும் கெட்டுப்போகவில்லை. மாறியது ரவுட்டர். அதனால் ரவுட்டர் பக்கமிருந்து தேடுவோம்.

வைஃபை வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான். பெயர் தெரிகிறதா? தெரிந்தால் உள்ளே சேர விடுகிறதா? சேர்ந்தபின் ஐபி முகவரி கிடைக்கிறதா? அதுவும் கிடைத்தபின் தளங்கள் திறக்கின்றனவா? ஒவ்வொரு படிக்கும் காரணங்கள் வேறு வேறு. நீங்கள் முதல் படியிலேயே நிற்கிறீர்கள். பாஸ்வேர்ட், டிஎன்எஸ் பற்றியெல்லாம் இப்போது பேசிப் பயனில்லை.

மூன்று விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழே வயர்லெஸ் கார்டின் முழுப் பெயர் இருக்கும். அதன் கடைசியில் பி/ஜி/என் என்று இருக்கிறதா, அல்லது ஏ என்ற எழுத்தோ ஏசி என்றோ சேர்ந்திருக்கிறதா? பி என்பது 1999-இல் வந்த வைஃபை தரம், ஜி 2003, என் 2009. வெறும் பி/ஜி/என் என்றால் அந்தக் கார்டு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது.

இரண்டாவது, உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். அதன் செட்டிங்ஸில் 2.4, 5 என்று அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, போனின் பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பலவற்றில் 192.168.1.1) 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல், மோட், செக்யூரிட்டி என்ற மூன்று வரிகளிலும் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

#5 நூல்கண்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதை இணையத்தோடு இணைக்கப் பாடுபடுவதைவிட, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பழைய வைஃபை கார்டுகள் பலவற்றுக்கு டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்.

அப்படிப் பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பது பிரச்சினையைக் கண்டுபிடிக்கவும் நல்ல வழி. லினக்ஸில் வைஃபை ஓடி விண்டோஸில் ஓடவில்லை என்றால் கார்டு நலம், கோளாறு விண்டோஸ் பக்கம். இரண்டிலும் ஓடவில்லை என்றால் கார்டையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும்.

#6 மணிக்கூண்டு

இதே போன்ற தலைவலி எனக்கும். இழைக்குள் இழை போடுவதற்கு மன்னியுங்கள். என்னுடையது பழைய டெஸ்க்டாப், பின்னாலுள்ள போர்ட்டில் யூஎஸ்பி டாங்கிள். பெயர் தெரிகிறது, சேர்கிறது, ஆனால் வெளி ஹார்டு டிஸ்க்கில் பெரிய கோப்பு ஏதாவது நகலெடுக்கும்போதெல்லாம் வைஃபை அறுந்து போகிறது. நகல் முடிந்ததும் தானாக வந்துவிடுகிறது. டிரைவர் பிரச்சினையா?

#7 அலைவரிசை

மணிக்கூண்டு, ஹார்டு டிஸ்க் யூஎஸ்பி 3 போர்ட்டில் (உள்ளே நீலமாக இருக்கும்) செருகியிருக்கிறதா? டாங்கிள் அதற்குப் பக்கத்துப் போர்ட்டிலா? யூஎஸ்பி 3-இல் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் எழும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. டாங்கிளின் ஆண்டெனா அந்தப் போர்ட்டிலிருந்து விரற்கடை தூரத்தில் இருந்தால் ரவுட்டரின் குரல் அதற்குக் கேட்காது. யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றைப் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். அதைச் செய்யாமல் டிரைவரைத் தொடாதீர்கள்.

நூல்கண்டு, பென்டிரைவில் ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்பாவின் தட்டச்சு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்று எழுதியிருக்கிறாரே.

#8 வெண்பனி

பார்த்துவிட்டேன்.

கார்டின் பெயர் பி/ஜி/என் என்று முடிகிறது. ஏ இல்லை, ஏசி இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் 2.4 போட்டால் லேப்டாப்பில் பெயர் வந்தது, பாஸ்வேர்ட் கொடுத்ததும் இணைந்தது. 5-க்கு மாற்றியதும் பெயர் போய்விட்டது. நீங்கள் சொன்னபடியேதான்.

ரவுட்டர் பக்கத்தில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர். 2.4-இல் சேனல்: ஆட்டோ, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 13 என்று காட்டுகிறது. மோட்: பி/ஜி/என்/ஏஎக்ஸ் கலந்தது. செக்யூரிட்டி: டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3. அதற்குக் கீழே பிஎம்எஃப் என்று ஒரு வரி, அதில் ரிக்வயர்ட் என்று இருக்கிறது.

#9 அலைவரிசை

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 13 என்ற எண்ணைப் பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக இருக்கின்றன. சேனல் 1 என்பது 2412, சேனல் 6 என்பது 2437, 11 என்பது 2462, 13 என்பது 2472 மெகாஹெர்ட்ஸ். பல நாடுகளில் 13 வரை புழக்கத்தில் உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11-ஓடு நிறுத்திக்கொள்வார்கள். பழைய கார்டுகள் பல அமெரிக்கச் சந்தையை நினைத்துச் செய்யப்பட்டவை. எந்தெந்தச் சேனலைக் கேட்கலாம் என்ற பட்டியலைத் தொழிற்சாலையிலேயே கார்டின் நினைவகத்தில் எழுதிவிடுவார்கள். அதில் 12-உம் 13-உம் இல்லையென்றால் கார்டு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. ரவுட்டரின் மேலேயே லேப்டாப்பை வைத்தாலும் பெயர் வராது. உங்கள் ரவுட்டர் ஆட்டோவில் கூட்டமில்லாத இடம் தேடிப் போய் 13-இல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் 1, 6, 11-இல் இருக்கிறார்கள் போலிருக்கிறது, அதனால் அவர்கள் பெயர் மட்டும் வருகிறது.

ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை, ஏனென்றால் ஒவ்வொரு சேனலும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். அப்படியே அகலம் என்ற வரியிலும் 20 என்றே வையுங்கள். 2.4-இல் 40 போட்டால் பக்கத்து வீட்டோடு மோதல்தான் மிஞ்சும்.

இப்போது சேனலை மட்டும் மாற்றுங்கள். செக்யூரிட்டி வரியில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆனாலும் ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும். அடுத்த முறை வரும்போது மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சேனலை மாற்றியும் பெயர் வராவிட்டால் அடுத்து மோடிலிருந்து ஏஎக்ஸை (அதுதான் வைஃபை 6) நீக்கிப் பார்ப்போம். வைஃபை 6 ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் புதிய தகவல் துண்டுகள் சேர்ந்து வரும். பழைய டிரைவர்கள் சில அது புரியாமல் பெயரையே பட்டியலில் விட்டுவிடும். இன்டெல் தன் பழைய கார்டுகளுக்கு இதை வெளிப்படையாகவே சொல்லி, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தது.

#10 வெண்பனி

சேனல் 6 போட்டேன். பெயர் வந்துவிட்டது!! கோடுகளும் முழுசாக இருக்கின்றன.

ஆனால் சொடுக்கினால், இந்தக் கணினியில் சேமித்த அமைப்புகள் நெட்வொர்க்கின் தேவைகளோடு பொருந்தவில்லை என்று ஒரு செய்தி வருகிறது. பாஸ்வேர்டைக்கூடக் கேட்கவில்லை.

#11 அலைவரிசை

முதல் படி தாண்டியாயிற்று. பெயர் பழையதே என்பதால் விண்டோஸ் இதைப் பழைய ரவுட்டர் என்றே நினைக்கிறது. பழையதில் டபிள்யூபிஏ என்றோ டிகேஐபி என்றோ பழைய பாதுகாப்பு முறை இருந்திருக்கும். அந்தக் குறிப்பு லேப்டாப்பில் சேமித்துக் கிடக்கிறது, புதிய ரவுட்டர் அதை ஏற்காது. நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் இடது பக்கம் மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ் என்று ஒன்று இருக்கும். உள்ளே போய் உங்கள் பெயரை நீக்குங்கள். பிறகு புதிதாகச் சேருங்கள், பாஸ்வேர்ட் கேட்கும்.

#12 வெண்பனி

நீக்கினேன், கேட்டது, கொடுத்தேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான், போனில் அதே பாஸ்வேர்ட்தான்.

#13 சாவிக்கொத்து

பாஸ்வேர்டே வேண்டாம் என்று 2.4-ஐத் திறந்து விட்டுவிடலாமே? பெயரை மறைத்துவிட்டு, மேக் முகவரிப் பட்டியலில் (ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் உள்ள தனி எண்) உங்கள் சாதனங்களை மட்டும் சேர்த்தால் வேறு யாரும் வர முடியாது. பழைய கணினிக்கு அதுதான் எளிது.

#14 நூல்கண்டு

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மேக் முகவரி ஒவ்வொரு பாக்கெட்டிலும் மறைக்கப்படாமல் காற்றில் போகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர் அதை அப்படியே எடுத்துத் தன் கார்டில் போட்டுக்கொள்ள முடியும். மறைத்த பெயரும் ஒரு சாதனம் சேரும்போது வெளியே வந்துவிடும். போதாததற்கு, மறைத்த நெட்வொர்க்கைத் தேடி உங்கள் லேப்டாப் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறியாக்கம் ஒன்றுதான் பூட்டு. அப்டேட் நின்றுபோன விண்டோஸ் 7-ஐத் திறந்த நெட்வொர்க்கில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பழைய டபிள்யூஇபி-க்குப் போகும் யோசனையும் வேண்டாம். அதை 2001-லேயே உடைத்துவிட்டார்கள். டிகேஐபியும் வேண்டாம். பாதுகாப்பு குறைவு என்பது ஒருபுறம், டிகேஐபி போட்டால் "என்" தரத்தின் வேகமே கிடைக்காது. விதிப்படி 54 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.

#15 அலைவரிசை

நூல்கண்டு சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

வெண்பனி, இனி அந்த பிஎம்எஃப் வரிக்கு வருவோம். வைஃபையில் தரவுப் பாக்கெட்டுகள் தவிர, சேர்கிறேன், விலகுகிறேன் என்று சொல்லும் நிர்வாகப் பாக்கெட்டுகள் உண்டு. அவற்றுக்கும் பாதுகாப்பு கொடுப்பதுதான் பிஎம்எஃப். டபிள்யூபிஏ3-க்கு அது கட்டாயம். விண்டோஸ் 7-க்கு பிஎம்எஃப் தெரியாது, விண்டோஸ் 8-இல்தான் அது வந்தது. டபிள்யூபிஏ3-யோ விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான். உங்கள் ரவுட்டரில் பிஎம்எஃப் ரிக்வயர்ட் என்று இருப்பதால், டபிள்யூபிஏ2-ஐ ஏற்பதாகச் சொன்னாலும் பிஎம்எஃப் தெரியாத யாரையும் வாசலிலேயே நிறுத்திவிடும். பாஸ்வேர்ட் சரியா தவறா என்று பார்க்கும் கட்டம்வரைகூட லேப்டாப் போவதில்லை.

அதை ஆப்ஷனல் என்று மாற்றினால் சேரக்கூடும். ஆனால் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த அறிவிப்பிலேயே தடுமாறும் பழைய டிரைவர்கள் உண்டு. அதைவிட முக்கியமாக, ஒரு பழைய கணினிக்காக வீட்டிலுள்ள அத்தனை போன்களின் பாதுகாப்பையும் ஏன் குறைக்க வேண்டும்? ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி இருக்கும். அதை 2.4-இல் மட்டும் திறந்து, புதிய பெயர், நீளமான புதிய பாஸ்வேர்ட், செக்யூரிட்டி டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும், பிஎம்எஃப் அணைப்பு என்று வையுங்கள். பெயரிலும் பாஸ்வேர்டிலும் சாதாரண எழுத்தும் எண்ணும் போதும், விசித்திரக் குறிகள் வேண்டாம். லேப்டாப் அதில் மட்டும் இருக்கட்டும். அப்டேட் இல்லாத கணினி மற்ற சாதனங்களிலிருந்து தள்ளி நிற்பதும் நல்லதுதான்.

#16 தாழ்வாரம்

இவ்வளவு சுற்றுக்கு ஒரு டாங்கிள் மேல் என்றுதான் இன்னும் சொல்வேன். 5 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும், பக்கத்து வீட்டு நெரிசலிலிருந்து விடுதலை. உள்ளே இருக்கும் கார்டு ஒற்றை ஆண்டெனா "என்" வகை என்றால், 20 மெகாஹெர்ட்ஸில் ரவுட்டரோடு அதிகபட்சம் 72 மெகாபிட்தான் பேசும். கையில் கிடைப்பது அதில் பாதிதான்.

#17 நூல்கண்டு

தாழ்வாரம், டாங்கிள் போட்டாலும் பிஎம்எஃப் சுவர் அப்படியேதான் நிற்கும். அது கார்டைப் பொறுத்ததல்ல, விண்டோஸ் 7-ஐப் பொறுத்தது. தவிர, இப்போது வரும் வைஃபை 6 டாங்கிள்கள் பலவற்றின் பெட்டியில் விண்டோஸ் 10, 11 என்றுதான் போட்டிருக்கிறது. வாங்குவதற்குமுன் விண்டோஸ் 7 டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிடுவது அவசியம்.

#18 தாழ்வாரம்

சரியான பேச்சு, டிரைவரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் கார்டையே மாற்ற நினைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சில லேப்டாப்களில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் மெஷின் தொடங்கவே மறுக்கும். டாங்கிளுக்கு அந்தத் தொல்லை கிடையாது, அதனால்தான் நான் அந்தப் பக்கம்.

#19 வெண்பனி

கெஸ்ட் நெட்வொர்க் போட்டேன். சேர்ந்துவிட்டது! அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் தளம் எதைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்புப் பக்கம் வருகிறது. ஐபி முகவரி 192.168-இல் தொடங்குகிறது, பிங் போகிறது. நெட் இருக்கிறது, தளம் மட்டும் இல்லை.

#20 அலைவரிசை

நாலாவது படி. முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். உங்களுக்கு அது நன்றாகவே கிடைத்திருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள்.

#21 வெண்பனி

2009 ஜனவரி 1!

இப்போது ஞாபகம் வருகிறது. மின்சாரத்திலிருந்து கழற்றினால் மணி தப்பாகிவிடும், அப்பா கையால் சரிசெய்வார். இதற்கும் வைஃபைக்கும் தொடர்பு இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

#22 நூல்கண்டு

தளங்களின் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு. கணினி 2009-இல் இருந்தால் இன்றைய சான்றிதழ்கள் அத்தனையும் அதற்கு இன்னும் பிறக்காதவை, அதனால் எல்லாவற்றையும் மறுக்கிறது. தேதியைச் சரிசெய்ததும் பெரும்பாலான தளங்கள் திறந்துவிடும். மதர்போர்டில் கடிகாரத்துக்கான சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரிதான். லேப்டாப் சிலவற்றில் அதே பேட்டரி பிளாஸ்டிக் உறைக்குள், சின்னப் பிளக் வைத்த இரண்டு வயரோடு இருக்கும். அந்த வகை என்றால் வயரோடு சேர்த்தே வாங்க வேண்டும். திறக்குமுன் சார்ஜரையும் பெரிய பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்.

தேதி சரியான பிறகும் சில தளங்கள் மட்டும் மறுத்தால் காரணம் வேறு. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானது. மூலச் சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படாத கணினிகள் அன்றிலிருந்து பல தளங்களில் தடுக்கிவிழுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே கொண்டுவருகிறது, அதனால் அது தப்பிக்கும். விண்டோஸ் 7-இல் ஓடும் அதன் கடைசி வரிசை 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. இந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கு மட்டும் வேண்டாம், அது போனிலேயே இருக்கட்டும்.

#23 மணிக்கூண்டு

எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டேன். நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, வைஃபை அறவில்லை. டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு ஒரு முழம் கேபிள்தான் மருந்தாக இருந்தது. மிக்க நன்றி அலைவரிசை.

#24 கல்தூண்

இந்த நாலு படிக் கணக்கை வைத்து என் லேப்டாப்பையும் பார்த்தேன். பெயர் தெரிகிறது, ஆனால் ரவுட்டர் இருக்கும் அறையில் மட்டும். வாசலைத் தாண்டினால் போய்விடுகிறது. ரேம் கூட்டுவதற்காகத் திறந்து மூடியதிலிருந்து இப்படி. அதற்குமுன் மாடியில்கூட எடுத்தது.

#25 தாழ்வாரம்

இதில் எனக்கு அனுபவம் உண்டு, நான் சொல்கிறேன். அடிமூடியைத் திறந்தால் வைஃபை கார்டு தெரியும், கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதன் ஒரு ஓரத்தில் இரண்டு தங்கநிறப் புள்ளிகள், ஒவ்வொன்றும் மிளகைவிடச் சின்னது, நடுவில் ஊசிமுனை போல ஒரு கம்பி. பக்கத்தில் 1, 2 என்றோ மெயின், ஆக்ஸ் என்றோ அச்சிட்டிருக்கும். திரையின் சட்டத்துக்குள்ளிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல் அல்லது வெள்ளை, இந்தப் புள்ளிகளில்தான் உட்கார வேண்டும். ஒன்று கழன்று கிடக்கிறதா பாருங்கள். திறந்து மூடும்போது இழுபட்டுக் கழல்வது சாதாரணம்.

மாட்டும்போது வயரின் தலையைப் புள்ளிக்கு நேர்மேலே வைத்து, சரியாக மையம் சேர்ந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தபின்தான் விரல்நுனியால் அழுத்த வேண்டும். டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். கோணலாக அழுத்தினால் நடுக்கம்பி வளைந்துவிடும், அப்புறம் அந்தக் கார்டு அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தவே கூடாது. எடுக்கும்போதும் வயரைப் பிடித்து இழுக்காமல் தலையின் அடியில் நகத்தை விட்டு நேராகத் தூக்க வேண்டும்.

அப்படியே, டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். பழைய கார்டுகள் தூங்கினால் எழுந்திருக்கத் தகராறு செய்யும்.

#26 வெண்பனி

பேட்டரி மாற்றியாயிற்று. வயர் வைத்த வகைதான், நூல்கண்டு சொல்லாவிட்டால் வெறும் நாணய பேட்டரியை வாங்கி வந்திருப்பேன். ஃபயர்ஃபாக்ஸ் 115 போட்டேன், எல்லாத் தளமும் திறக்கிறது. சாயங்காலம் முழுக்க அப்பா அகராதித் தளங்களில்தான் இருந்தார்.

கடைசியாக ஒன்று. பிரிண்டர் வைஃபையில் இருக்கிறது. லேப்டாப்புக்கு அது தெரியவில்லை.

#27 அலைவரிசை

கெஸ்ட் நெட்வொர்க்கின் வேலையே அதுதான். அதில் இருப்பவர்களுக்கு இணையம் மட்டும் உண்டு, வீட்டிலுள்ள மற்ற சாதனங்கள் தெரியாது. ரவுட்டரின் கெஸ்ட் பக்கத்தில், உள் நெட்வொர்க்கை அணுக அனுமதி என்ற பொருளில் ஒரு டிக் இருக்கலாம். அதைப் போட்டால் பிரிண்டர் தெரியும், ஆனால் தள்ளி வைத்ததன் பலன் போய்விடும். என்னைக் கேட்டால் பிரிண்டரிலிருந்து ஒரு யூஎஸ்பி கேபிளை லேப்டாப்புக்கு இழுத்துவிடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் வைஃபையும் யூஎஸ்பியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். போன்கள் வைஃபையிலேயே அச்சிடட்டும்.

ரவுட்டரில் மாற்றியவற்றை ஒரு தாளில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டிவிடுங்கள்: சேனல் 6, அகலம் 20, கெஸ்ட் பெயர், டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். கம்பெனிக்காரர்கள் ரீசெட் செய்தால் எல்லாம் பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும்.

#28 கல்தூண்

கறுப்பு வயர் கழன்று கார்டுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. தாழ்வாரம் சொன்னபடி மாட்டினேன், டிக் சத்தம் கேட்டது. மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

#29 வெண்பனி

யூஎஸ்பி கேபிளில் பிரிண்டர் ஓடுகிறது, தாளும் ஒட்டியாயிற்று. அலைவரிசை, நூல்கண்டு, தாழ்வாரம், சாவிக்கொத்து எல்லோருக்கும் அப்பா தனியாக நன்றி சொல்லச் சொன்னார். இழையின் தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்க மட்டுறுத்துநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.